கையடக்கச் சங்கீதப் புத்தகம்: மனதில் உள்ளதை மறைக்காமல் ஜெபிக்க எவ்வளவு உதவும்?

காரைக்குடியிலோ தேவகோட்டையிலோ கிறிஸ்தவப் புத்தகம் விற்கும் கடைக்குள் நுழைந்தால் முன்வரிசை பெரும்பாலும் ஒரே மாதிரிதான் இருக்கும். வாக்குத்தத்த அட்டை, வசனக் காலண்டர், சுவரில் மாட்டும் வசனப் பலகை, பாட்டுப் புத்தகம், ஜெபக் குறிப்பு எழுதும் நோட்டு. எல்லாவற்றிலும் ஆசீர்வாதம், சமாதானம், ஜெயம். உள் அலமாரியில் முதுகு மட்டும் தெரிய நிற்கும் ஒரு சிறு புத்தகத்தைப் பற்றியது இந்த மதிப்புரை. வேதாகமத்தின் ஜெபப் பாடல்களான சங்கீதங்களையும், நீதிமொழிகளையும் புதிய ஏற்பாட்டோடு சேர்த்துக் கட்டிய கையடக்கப் பதிப்பு அது. இந்திய வேதாகமச் சங்கம் வெளியிடுகிறது, வேறு பதிப்பகங்களும் வெளியிடுகின்றன. வேதாகமம் வழங்கும் அமைப்பான கிதியோன்கள் பள்ளிகளிலும் ஆஸ்பத்திரிகளிலும் இலவசமாகக் கொடுப்பதும் இதே வகைதான்.

ஒரே ஒரு பயன்பாட்டுக்காக இதை எடைபோடுகிறோம். கோபம், பயம், ஏமாற்றம், பொறாமை, துக்கம் இவற்றை ஒளிக்காமல் கடவுளிடம் சொல்ல இந்தப் புத்தகம் துணை நிற்குமா? நிற்கும். கடையில் இருக்கும் வேறு எந்தப் பொருளும் இந்த அளவுக்கு நிற்காது. ஆனால் நம் வீடுகளில் இதைப் பயன்படுத்தும் விதத்தில் பாதிப் பலன் வீணாகிறது.

முதலில் உள்ளடக்கம். 150 சங்கீதங்களில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் முறையீடுகள். இது பலருக்கும் புதிதாக இருக்கும், ஏனென்றால் சபையில் வாசிக்கக் கேட்பதும் பிள்ளைகள் மனப்பாடம் செய்வதும் 23, 91, 100, 121 என்று ஒரு சிறு வட்டத்துக்குள் சுற்றி வருகின்றன. அந்த வட்டத்தைத் தாண்டினால் கிடைப்பது வேறு உலகம். 13-ஆம் சங்கீதம் முதல் இரண்டு வசனங்களுக்குள் நான்கு முறை 'எதுவரைக்கும்' என்று கேட்கிறது. 44-ஆம் சங்கீதம் கடவுளைப் பார்த்து ஏன் தூங்குகிறீர், விழித்துக்கொள்ளும் என்கிறது. 73 அயோக்கியன் செழிப்பதைக் கண்டு வயிறெரிந்து, நான் யோக்கியமாக இருந்தது வீண்தானா என்று கேட்கிறது. 55 பகைவன் செய்த தீங்கைப் பேசவில்லை, கூடவே கோவிலுக்கு வந்த சிநேகிதன் செய்ததைப் பேசுகிறது. 71 முதுமையில் என்னைத் தள்ளிவிடாதேயும் என்று கெஞ்சுகிறது. பிள்ளைகள் சிங்கப்பூரிலும் துபாயிலும் இருக்க, பெரிய வீட்டில் இரண்டு பேராகவோ ஒற்றையாகவோ இருக்கும் முதியவர்களுக்கு இந்த ஒரு சங்கீதத்துக்காகவே புத்தகத்தை வாங்கிக் கொடுக்கலாம்.

வாக்குத்தத்த அட்டையோடு ஒப்பிட்டால் வித்தியாசம் சட்டெனப் புரியும். டிசம்பர் 31 இரவு ஆராதனையில் எடுத்த அட்டையை வருஷம் முழுக்க பர்ஸில் வைத்திருப்பவர்கள் இங்கே ஏராளம். அந்தப் பழக்கத்தைக் குறை சொல்லவில்லை. அட்டையின் அளவில்தான் சிக்கல். உங்களுக்கு நல்ல முடிவைத் தருவேன் என்று கடவுள் சொல்லும் எரேமியா 29:11 அட்டைகளில் அதிகம் அச்சாகும் வசனங்களில் ஒன்று. அதற்கு ஒரு வசனம் முன்னால், 29:10-இல், பாபிலோனில் எழுபது வருஷம் முடிந்த பிறகுதான் என்று சொல்லியிருக்கிறது. அங்கே சிறைப்பட்டுப் போனவர்களுக்கு எரேமியா எழுதிய கடிதம் அது; அதைக் கேட்ட பெரியவர்களில் பலர் ஊர் திரும்பாமலே இறந்திருப்பார்கள். அட்டையில் நம்பிக்கை இருக்கிறது, எழுபது வருஷம் இல்லை. புலம்பலிலும் இதே கதைதான். 'காலைதோறும் புதியவைகள்' என்ற பகுதி 3-ஆம் அதிகாரத்தின் 23-ஆம் வசனம். அதற்கு முன்னும் பின்னும் ஐந்து அதிகாரம் நிறைய இடிந்த ஊரும் பசித்த பிள்ளைகளும். வரவு மட்டும் எழுதிப் பற்று எழுதாத கணக்கை எந்தப் பெட்டியடியிலும் ஒப்புக்கொள்ள மாட்டார்கள். ஜெபத்தில் மட்டும் அதைப் பக்தி என்று நினைத்துக்கொள்கிறோம்.

சங்கீதப் புத்தகம் பற்றையும் எழுதுகிறது. அதற்கு முழு சாட்சி 88-ஆம் சங்கீதம். பதினெட்டு வசனங்கள். முதல் வசனத்தில் 'என் இரட்சிப்பின் தேவனாகிய கர்த்தாவே' என்று கூப்பிடுவதைத் தவிர ஆறுதலான வாக்கியம் ஒன்றுகூட இல்லை. கடைசி வசனத்தில் சிநேகிதர்களும் விலக்கப்பட்டு, இருட்டிலேயே நிற்கிறது. 'ஆனாலும் துதிப்பேன்' என்று முடித்துவைக்க யாரும் அதில் ஒரு வரி சேர்க்கவில்லை. நாளின் நேரங்களுக்கு ஏற்பச் சொல்லும் கத்தோலிக்க ஜெபப் புத்தகமான திருப்புகழ்மாலையில் வெள்ளிக்கிழமை இரவு மன்றாட்டுக்கு இந்தச் சங்கீதம்தான் வைக்கப்பட்டிருக்கிறது. வாரம் தவறாமல் உறங்கப்போகும் முன் இதைச் சொல்லச் சொன்னவர்களுக்கு மனித மனம் நன்றாகத் தெரிந்திருக்கிறது.

அதே திருப்புகழ்மாலை 1971-இல் திருத்தி வெளியானபோது 58, 83, 109 ஆகிய மூன்று சங்கீதங்களும் விடப்பட்டன. பகைவனைச் சபிக்கும் வரிகள் நிறைந்தவை என்பதே காரணம். கையடக்கப் பதிப்பில் மூன்றும் அப்படியே இருக்கின்றன. இருப்பதே நல்லது என்பது எங்கள் கருத்து. ஆனால் 109-ஐப் பக்கத்து வீட்டுக்காரன் பெயர் சொல்லி, மந்திரம் மாதிரி எண்ணி எண்ணி வாசிப்பவர்கள் இருக்கிறார்கள். அது தவறான பயன்பாடு. அந்தச் சங்கீதம் பழிவாங்கும் ஆசையை அடக்கச் சொல்லவில்லை, அதைக் கடவுளின் கையில் ஒப்படைத்துவிட்டுப் போகச் சொல்கிறது. பழிவாங்குவதைக் கடவுளிடம் விடச் சொல்லும் ரோமர் 12:19-ம் இதே புத்தகத்துக்குள் இருக்கிறது. 109-ஐ வாசித்தால் அதையும் அன்றைக்கே வாசித்துவிட வேண்டும்.

இனிப் பயன்படுத்தும் முறை. முறையீட்டுச் சங்கீதங்களுக்கு ஓர் அமைப்பு உண்டு. கடவுளை அழைப்பது, குறையைச் சொல்வது, வேண்டியதைக் கேட்பது, நம்பிக்கையைச் சொல்வது, துதிப்பேன் என்று வாக்குக் கொடுப்பது. எல்லாவற்றிலும் எல்லாம் இருக்காது, வரிசையும் மாறும். பழக எளிது 13-ஆம் சங்கீதம், ஏனென்றால் ஆறே வசனத்தில் எல்லாம் வந்துவிடுகிறது. 1, 2 குறை. 3, 4 வேண்டுதல். 5, 6 நம்பிக்கையும் பாட்டும்.

இருபது நிமிடம் போதும். முதலில் 13-ஐ வாய்விட்டு, மெதுவான குரலில் ஒருமுறை வாசியுங்கள். மனதுக்குள் வாசித்தால் கண் ஓடிவிடும், வாய் ஓடாது. பிறகு புத்தகத்தைக் கவிழ்த்து வைத்துவிட்டு, உங்கள் குறையை ஒரே வாக்கியமாகச் சொல்லுங்கள். அந்த வாக்கியத்தில் நடந்தது என்ன என்பது இருக்க வேண்டும். 'ரொம்பக் கஷ்டமா இருக்கு ஆண்டவரே' என்பது வாக்கியமே தவிர குறை அல்ல. 'அண்ணன் கையெழுத்துப் போட மாட்டேங்குறான், அப்பா வீட்டை வித்துத்தான் கடனை அடைக்கணும், நீங்க பாத்துக்கிட்டுத்தானே இருக்கீங்க' என்பது குறை. பெயர், பொருள், நாள், தொகை எது உண்டோ அதைச் சொல்லுங்கள். இந்த இடத்துக்குப் பத்து நிமிடம் கொடுங்கள். பெரும்பாலானவர்கள் அரை நிமிடத்தில் தாண்டிவிடுவது இந்த இடத்தைத்தான்.

அடுத்து வேண்டுதல். கேட்பதைத் தெளிவாகக் கேளுங்கள். 'உம்முடைய சித்தம்போல் ஆகட்டும்' என்பதை முதல் வரியாகச் சொல்லி வாயை மூடிக்கொள்ளும் பழக்கம் நமக்கு அதிகம். கெத்செமனேயில் இயேசு அதைச் சொல்லுமுன், இந்தப் பாத்திரம் என்னைவிட்டு நீங்கட்டும் என்று கேட்டார். மத்தேயு 26:44-இன்படி அதே வார்த்தைகளை மூன்றாம் முறையும் சொன்னார். கேட்காமல் ஒப்புக்கொடுப்பது பல நேரம் ஒப்புக்கொடுத்தல் அல்ல, ஏமாற்றத்துக்குப் பயந்து முன்கூட்டியே பின்வாங்குவது.

நம்பிக்கை வாக்கியம் வரவில்லையென்றால் வரவழைக்காதீர்கள். 13-இன் ஐந்தாம் வசனத்தைச் சங்கீதக்காரனின் வாக்கியமாக மட்டும் வாசித்துவிட்டு நிறுத்தலாம். அன்றைக்கு உங்களுடையது 88 என்றால் 88-தான். நாளைக்கு மறுபடி வாருங்கள். பலருக்கு நம்பிக்கை வரி வாரக்கணக்கில் தாமதமாக வரும். சிலருக்கு வேறொருவர் வாயிலிருந்து வரும்.

எந்தத் தமிழில் பேசுவது என்ற கேள்வி இங்கே முக்கியம். கூட்டு ஜெபத்தில் பழகிய 'தேவரீர்', 'ஸ்தோத்திரிக்கிறோம்', 'கிருபையாய்' என்ற வரிசை தொடங்கியதுமே நாக்கு தானாக ஓட ஆரம்பிக்கும், மனம் பின்தங்கிவிடும். அடுப்படியில் பேசும் தமிழிலேயே பேசுங்கள். சாமி என்று கூப்பிட்டுப் பழகியவர்கள் சாமி என்றே, அப்பா என்று கூப்பிடுபவர்கள் அப்பா என்றே கூப்பிடுங்கள். 'ஏன் சாமி, என் பிள்ளைக்கு மட்டும் ஏன்?' என்பது முழு ஜெபம்.

இந்தச் சீமைக்கு இது அந்நியமான காரியமும் அல்ல. செட்டிநாட்டு ஊர்களில் எழவு வீட்டில் ஆச்சிமாரும் மற்றப் பெண்களும் பாடும் ஒப்பாரி முழுக்கக் கேள்விதான். என்னை யாரிடம் விட்டுப் போனாய், வைத்த விளக்கு யாருக்கு, கட்டிய வீடு எதற்கு என்று இறந்தவரையே நேராக நிறுத்திக் கேட்பார்கள். அப்படிக் கேட்பதை யாரும் மரியாதைக் குறைவாக நினைத்ததில்லை, உறவின் உரிமையாகத்தான் பார்த்தார்கள். ஓரியூரிலும் இதைப் பார்க்கலாம். 1693 பிப்ரவரி 4-இல் போர்த்துக்கீசியக் குருவான அருளானந்தர் வெட்டுண்ட அந்தச் செம்மண்ணுக்கு, பிள்ளை வரம் கேட்டும் நோய் தீரக் கேட்டும் வருகிறவர்கள் சுற்றி வளைக்காமல் பேசுகிறார்கள். கிறிஸ்தவர் அல்லாதவர்களும் அப்படித்தான் பேசுகிறார்கள். அதே வாய் ஞாயிற்றுக்கிழமை பெஞ்சில் உட்கார்ந்ததும் பூட்டிக்கொள்கிறது. துக்கம் கேட்க வந்தவர்கள் 'அழக்கூடாது, விசுவாசிக்கணும்' என்று சொல்லிச் சொல்லி இந்தப் பூட்டைப் போட்டிருக்கிறோம். இதைச் சொல்லும் ஊழியர்களும் மூப்பர்களும் தயவுசெய்து நிறுத்த வேண்டும்.

'கடவுளிடம் குறை சொன்னால் முறுமுறுப்பு ஆகாதா?' என்று கேட்பவர்களுக்குச் சங்கீதப் புத்தகமே விடை சொல்கிறது. 106:25-இல் இஸ்ரவேலர் தங்கள் கூடாரங்களில் முறுமுறுத்தார்கள் என்று இருக்கிறது. கடவுளைப் பற்றி ஒருவருக்கொருவர் பேசிக்கொண்டார்கள், அவரிடம் பேசவில்லை. எண்ணாகமம் 11-இல் அதே வனாந்தரத்தில் மோசே அவரிடமே போய், இந்த ஜனத்தை நான்தான் பெற்றேனா, இப்படியே செய்வதானால் என்னைக் கொன்றுபோடும் என்று வெடிக்கிறார். அதற்குத் தண்டனை வரவில்லை. பாரத்தைப் பகிர்ந்துகொள்ள எழுபது மூப்பர்களைக் கூட்டச் சொல்லிப் பதில் வந்தது. குறையின் கடுமை வித்தியாசத்தை உண்டாக்கவில்லை, யார் முகத்தைப் பார்த்துச் சொன்னார்கள் என்பதுதான் உண்டாக்கியது.

இதிலிருந்து இன்னொரு எச்சரிக்கை. சிற்றூரில் ஜெபக் குறிப்பு வேகமாக நடக்கும். உங்கள் வீட்டுப் பிரச்சினையை ஜெபக் குழுவின் வாட்ஸப்பில் போட்டால் சாயந்தரத்துக்குள் பக்கத்துத் தெருவுக்குத் தெரியும். கடவுளிடம் முழுசாகச் சொல்வதற்கும் எல்லாரிடமும் முழுசாகச் சொல்வதற்கும் தொடர்பில்லை. அன்னாள் சீலோவில் உதடு மட்டும் அசைய, குரல் வெளிவராமல் ஜெபித்தாள். ஆசாரியன் ஏலி அவளைக் குடித்தவள் என்று நினைத்தான். 'என் இருதயத்தை ஊற்றிவிட்டேன்' என்று அவள் பதில் சொன்னபோதும், எதை ஊற்றினாள் என்று அவனிடம் விவரிக்கவில்லை. கூட்டுக் குடும்பத்தில் தனியிடம் கிடைக்காதவர்களுக்கு அவள் முறை பொருந்தும். மொட்டைமாடி, கிணற்றடி, எல்லாரும் தூங்கிய பிறகு வளவுத் திண்ணை, இல்லையென்றால் பஸ்ஸில் ஜன்னலோரம். உதடு அசைந்தால் போதும்.

எழுதிப் பார்க்க விரும்புகிறவர்கள் எழுதலாம், ஆனால் அந்தத் தாள் யார் கைக்கும் போகாது என்ற உறுதி இருந்தால் மட்டும். பிறர் வாசிப்பார்கள் என்ற பயம் இருந்தால் பேனா தானாகவே மழுப்ப ஆரம்பிக்கும். எழுதி முடித்ததும் கிழித்துப் போடலாம். ஜெபக் குறிப்பு நோட்டுகளில் பெரும்பாலும் 'வேண்டுதல்', 'பதில் கிடைத்த தேதி' என்று இரண்டே கட்டம்தான் இருக்கும். முறையீட்டுக்கு இடமில்லை. சாதாரணக் கோடு போட்ட நோட்டே மேல்.

இந்த முறை எங்கே போதாது என்பதையும் சொல்ல வேண்டும். தூக்கமும் சாப்பாடும் வாரக்கணக்கில் கெட்டிருந்தால், செத்துப்போகலாம் என்ற நினைப்பு திரும்பத் திரும்ப வந்தால், 88-ஐ ஒற்றையாக வாசித்துக்கொண்டு உட்காராதீர்கள். நம்பும் ஒருவரைக் கூட வைத்துக்கொண்டு டாக்டரைப் பாருங்கள். 14416 என்ற அரசின் டெலிமானஸ் எண்ணில் இலவசமாகத் தமிழில் பேசலாம். மோசேக்குக் கிடைத்த பதிலும் ஆட்களாகத்தான் வந்தது.

இனிப் புத்தகமாக இதன் நிறை குறை. பெரிய குறை, யோபுவும் புலம்பலும் எரேமியாவும் இதில் இல்லை. யோபுவின் கடைசியில், 42:7-இல், கடவுள் தம்மைச் சரியாகப் பேசியவன் யோபுதான், அவனுக்குப் புத்தி சொன்ன சிநேகிதர்கள் அல்ல என்கிறார். அது கைக்கு எட்டும் தூரத்தில் இருக்க வேண்டிய வசனம். ஆகவே முழு வேதாகமம் வீட்டில் இருக்கட்டும், இது பையில் இருக்கட்டும். இரண்டாவது குறை எழுத்தின் அளவு. நாற்பது வயதுக்கு மேல் இரவு விளக்கில் படிப்பது சிரமம். பெரிய எழுத்தில் தனிச் சங்கீதப் பதிப்பு கிடைத்தால் முதியவர்களுக்கு அதையே வாங்குங்கள்.

மொழிநடை பற்றி ஒரு வார்த்தை. சீர்திருத்தச் சபையினர் கையில் இருப்பது 1871-இல் பவர் ஐயர் தலைமையில் நிறைவேறிய மொழிபெயர்ப்பின் வழி வந்த நடை. வாய்விட்டு வாசிக்க அதற்கு இணை இல்லை, ஆனால் இருபது வயதுப் பிள்ளைகள் பலருக்கு வாக்கியம் புரிவதே பாரம். அவர்களுக்கு 1995-இல் வந்த பொது மொழிபெயர்ப்பான திருவிவிலியத்தின் திருப்பாடல்களைக் கொடுங்கள், சபை வித்தியாசம் பார்க்க வேண்டாம். பழைய கத்தோலிக்க ஜெபப் புத்தகங்களில் சங்கீத எண் பெரும்பாலும் ஒன்று குறைவாக இருக்கும். அங்கே 87 என்று கண்டால் அது இங்கே 88.

தாள் மிக மெல்லியது. ஜெல் பேனாவும் ஹைலைட்டரும் மறுபக்கத்தில் ஊறிவிடும், மரப் பென்சிலே நல்லது. ரெக்சின் அட்டையைச் சித்திரை வெயிலில் ஸ்கூட்டர் பெட்டிக்குள் வைத்தால் பிசுபிசுத்து ஒட்டிக்கொள்ளும், முதுகுப் பசை உலர்ந்து பக்கங்கள் கழன்று வரும். வாங்கும்போது புத்தகத்தை நடுவில் விரித்துப் பாருங்கள். மடிப்பின் மையத்தில் நூல் தெரிந்தால் தையல் பைண்டிங், பல வருஷம் உழைக்கும். நூல் தெரியாமல் பசை மட்டும் தெரிந்தால், தினமும் ஒரே பக்கத்தைத் திறக்கும் பழக்கத்துக்கு அது ஓராண்டு தாங்குவதே கஷ்டம்.

துக்க வீட்டுக்குக் கொடுக்க வாங்குகிறீர்கள் என்றால் வாக்குத்தத்த அட்டையை உள்ளே செருகிக் கொடுக்காதீர்கள். 13-இலும் 88-இலும் ஒவ்வொரு தாள் துண்டு வைத்துக் கொடுங்கள். முன்பக்கத்தில் உங்கள் பெயர் போதும், வசனம் எழுத வேண்டாம்.